குப்பைக்குப் பஞ்சம்

நான் படித்த காலத்தில் எங்கள் ஊர் மடவளையில் கிடைப்பதற்கு மிக அரிதான பொருள் குப்பை. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் கொஹாகொடையில், கண்டி நகரம் கழித்ததெல்லாம் மகாவலிக் கரையோரம் மலையாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். குப்பை இல்லை என்பது ஒரு குறையாக இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இருந்தது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட வருடங்கள் அவை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, சீனிக்குக் கூப்பன், பாணுக்கு விடியற்காலைக் கியூ.

ஒரு பொருள் குப்பையாக வேண்டுமானால் யாராவது அதை வீச வேண்டும். எங்கள் பஸாரில் யார் எதை வீசினார்கள்? டின்பால் டின் அரிசி அளந்தது. அளந்து களைத்த பிறகு, மூடி போட்டுத் திரி செருகினால் குப்பி லாம்பு. துருப்பிடித்தால் கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாடி. சிரட்டையில் நல்லது அகப்பையாகும், மற்றது கரியாகி அயன் பெட்டிக்குள் போகும். தையற்கடை வெட்டுத்துணி தலையணைக்குள் போனது. பழைய பேப்பர் வாப்பாவின் கடையில் பையாகி, மிளகாய்த்தூளோடு இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கே அடுப்பு மூட்டியது. எழுதி முடிந்த கொப்பியில் வடை கட்டினார்கள். என் கணக்குப் புள்ளி ஊருக்கெல்லாம் தெரிந்தது அப்படித்தான்.

இந்த ஊரில்தான் எங்கள் சித்திர மாஸ்டர் ஒருநாள், "கையில அகப்படுற கழிவுச் சாமான வெச்சி ஒரு ஒட்டுச்சித்திரம் செய்ங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கலர்ப் பெட்டி கண்டிக் கடைகளிலேயே இல்லை. இருந்த ஒன்றிரண்டின் விலைக்கு ஒரு வீட்டில் ஒரு கிழமை சமைக்கலாம். அதோடு மேலிடத்துக் கல்விக் கொள்கையும் அவர் பக்கம் நின்றது. 1972இல் பாடத்திட்டத்தைப் புரட்டிப் போட்டார்கள். க.பொ.த. சாதாரண தரம் போய்த் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் வந்தது. 1975இல் அதன் முதற் பரீட்சை. தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றைச் சேர்த்து, அந்தந்த ஊரின் தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். நல்ல யோசனை. சுற்றிவரப் பார்த்தால் தும்பறைப் பள்ளத்தாக்கில் தொழிலுக்கா குறைச்சல்? குண்டசாலைப் பக்கம் கலாசிரிகமவில் மருள் நாரில் பாய் நெய்தார்கள், யானையும் மானும் ஓடும் தும்பறைப் பாய். நத்தரம்பொத்தயில் பித்தளையும் வெள்ளியும் தட்டினார்கள். எங்கள் பஸாரின் தொழில் யாவாரம். மேசைக்குப் பின்னால் நின்று, "இது அடக்க விலை, ஒங்களுக்காகத் தாரன்" என்று முகம் மாறாமல் சொல்லும் கலை. அதற்குப் பாடத்திட்டம் எழுத எந்தத் திணைக்களத்தாலும் முடியவில்லை. நாங்கள் ஒட்டப் போனோம்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். கோதுமை மாவில் பசை காய்ச்சலாம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வருடங்களில் கோதுமை மா வீட்டில் இருந்த இடம் உம்மாவின் நகைகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். உம்மா என்னையும் கொப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். "திங்கிற மாவ பலகைக்கு ஊட்டச் சொன்னதா? அந்த மாஸ்டர ஒருக்கா வீட்டுக்கு வரச்செல்லு, நானும் ஒண்டு ரெண்டு படிச்சிக் குடுக்கிறன்." மா கிடைக்கவில்லை. மரவள்ளி கிடைத்தது, நாடே மரவள்ளி தின்றுகொண்டிருந்த நேரம். கிழங்கைத் துருவிப் பிழிந்த தண்ணீரைத் தெளிய விட்டால் அடியில் வெள்ளை மா படியும். அதைக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரிப் பசை வரும். தடித்த சாமான்களுக்குப் பலாப் பால். அது மரத்தையும் மரத்தையும் ஒட்டும். விரலையும் விரலையும் அதைவிட நன்றாக ஒட்டும். பிரிக்கத் தேங்காயெண்ணெய் வேண்டும், அதற்கும் உம்மாவிடம்தான் போக வேண்டும்.

பிற்காலத்தில், ஹனோவர் நகரத்து குர்ட் ஷ்விட்டர்ஸ் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மரவள்ளிப் பசைதான். 1919 தொடக்கம் டிராம் டிக்கட், கிழிந்த விளம்பரம், தெருவில் பொறுக்கியது என்று ஒட்டிப் படமாக்கியவர் அவர். நாசிகளிடமிருந்து தப்பி ஓடியவரை 1940இல் ஆங்கிலேயர் எதிரி நாட்டவர் என்று பிடித்து மேன் தீவில் அடைத்தார்கள். அங்கே சிற்பம் செய்யச் சாமான் இல்லை. காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சியின் மிச்சத்தைச் சேர்த்துச் சிற்பம் செய்தார். அது பூஞ்சணம் பிடித்துப் பச்சையும் நீலமுமாகி நாறியது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கஞ்சியில் சிற்பம் செய்த மனிதனை உம்மாவிடம் அறிமுகப்படுத்த எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் ஐரோப்பியக் கலை வரலாறு அந்தக் குசினியோடு முடிந்திருக்கும்.

பலகைக்குத் தேயிலைப் பெட்டி. மலையகத்தில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்புகளில் ஆணியடித்த தகரப் பட்டை, உள்ளே தேயிலைக்கு ஈரம் படாமல் மினுங்குத்தாள். தேயிலை கப்பலேறும் பெட்டிகளில் உடைந்தது ஊருக்குள் வரும். வந்தவுடன் உடுப்புப் பெட்டியாகவோ கோழிக்கூடாகவோ மாறிவிடும். உடைந்த பெட்டியின் ஒரு பக்கத்தை வாங்க, வத்தேகமப் பாதையில் ஒரு தேநீர்க்கடை நானாவுக்கு நான் பல பின்னேரங்கள் கிளாஸ் கழுவிக் கொடுத்தேன். இன்றைக்கு அதே பெட்டியை மெருகேற்றிக் கொழும்பில் வரவேற்பறை மேசையாக விற்கிறார்கள். அதன் விலைச் சீட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்துவிட்டேன்.

சிகரட் பெட்டி விஷயம் அதைவிடச் சிக்கல். திரீ ரோஸஸ், போர் ஏசஸ் பெட்டிகளின் முகப்பைக் கிழித்துச் சேர்ப்பது பொடியன்மாரின் செல்வம். மாபிளுக்கும் மாங்காய்க்கும் அது செல்லுபடியான காசு. அதைப் பலகையில் ஒட்டுவது, நோட்டுத் தாளைச் சுவரில் ஒட்டுவதற்குச் சமம். நான் ஒட்டினேன். என் வகுப்பில் எனக்கிருந்த மரியாதை போனது அன்றைக்குத்தான்.

நிறத்துக்கு எங்களை ஆதரித்தது சோவியத் யூனியன். 'சோவியத் நாடு' சஞ்சிகையின் வழுவழுப்புத் தாள் அந்தத் தலைமுறை மாணவர் எல்லோருக்கும் பாடப் புத்தக உறை. எங்கள் பஸாரைப் படமாக்க நான் அதைக் கத்தரித்தேன். உக்ரேனின் கோதுமை வயல் தும்பறையின் விளைந்த நெல்லானது. கூட்டுப்பண்ணை டிராக்டரின் சிவப்பு, இ.போ.ச. பஸ்ஸானது. பிரெஷ்னெவின் கறுப்புக் கோட்டிலிருந்து பள்ளிவாசல் முன்னால் நிற்பவர்களுக்கு நல்ல குடைகள் கிடைத்தன. அந்தக் கோட்டு பெரியது. மழைக்காலம் முழுவதற்கும் போதுமாக இருந்தது.

பள்ளிவாசல் குவிமாடம் தேயிலைப் பெட்டி மினுங்குத்தாள். பாதை, பஸ் டிக்கட். ஆட்கள்தான் பிரச்சினை. உயிருள்ளதைப் படமாக்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது. மாஸ்டர் பள்ளிவாசல் ஹஸ்ரத்தோடு சச்சரவுக்குப் போகிற ஆள் இல்லை. "முகம் இல்லாம செய்ங்க, யாருக்கும் வருத்தம் வராது" என்றார். எனவே என் பஸாரில் நடமாடியவர்கள் சாதிக்காயின் உடைந்த கோதுகள், தொப்பிக்குப் பதிலாக மேலே ஒரு கராம்பு. உடைத்த சாதிக்காய்க் கோது வீட்டுக்கு வீடு கிடைத்தது. கராம்பு மட்டும் வாப்பாவின் கடைச் சரக்கு; எண்ணித்தான் தந்தார்.

கண்டியில் நடந்த ஒரு மாணவர் கண்காட்சிக்கு அந்தப் பலகை போனது. பார்க்க வந்த ஒரு பெரியவர், கொழும்புக்காரர், கண்ணாடியைக் கழற்றிப் போட்டு நெடுநேரம் பார்த்தார். முகமில்லாத மனிதர்களில் நவீன வாழ்வின் வெறுமை தெரிகிறது என்றார். யாருடைய பாதிப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மாஸ்டருக்கு விளங்கியது, ஹஸ்ரத்துடைய பாதிப்பு என்று எப்படிச் சொல்வார்? "பிக்காசோ" என்றார். பெரியவர் தலையாட்டினார்.

மாஸ்டர் சும்மா வாயில் வந்ததைச் சொன்னதாகவே நான் அப்போது நினைத்தேன். ஆனால் 1912இலேயே பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, கயிற்றால் சட்டமிட்டு, இந்தச் சோலியை ஆரம்பித்து வைத்துவிட்டார். அதைவிட வேடிக்கை பக்கத்திலேயே இருந்தது. 1901இல் கண்டியில் பிறந்து, இந்தத் தீவுக்குக் கியூபிசத்தை அறிமுகப்படுத்தியவர்களில் முதல்வரிசை ஆளான ஜோர்ஜ் கீற், குண்டசாலைப் பக்கத்துச் சிரிமல்வத்தைக் கிராமத்தில் பல காலம் வாழ்ந்தவர். 43 குழு என்ற ஓவியர் அமைப்பின் ஸ்தாபகர்களில் ஒருவர். மடவளையிலிருந்து சைக்கிள் மிதித்தால் வேர்ப்பதற்குள் போய்விடக்கூடிய தூரம். எங்களுக்கு அவர் பெயர் தெரியாது. பாரிஸில் இருந்த பிக்காசோவைத் தெரிந்திருந்தது. ஊருக்கு உள்ளே இருப்பதை ஊர் அறியாமல் இருப்பது மடவளைக்கு மட்டுமான குணம் இல்லை என்று ஆறுதல் கொள்கிறேன். அதே வருடங்களில் சண்டிகாரில் நேக் சந்த் என்ற வீதிப் பரிசோதகர், உடைந்த வளையலையும் பீங்கானையும் பொறுக்கிக் காட்டுக்குள் இரகசியமாக ஒரு சிற்பத் தோட்டம் கட்டிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது ஏக்கர் கணக்கில் பரந்திருந்தது. இடிக்காமல் 1976இல் திறந்து வைத்தார்கள். ஒரு நகரத்தைக் கட்டக் கிராமங்களை இடித்ததால் அவருக்குக் குப்பை கிடைத்தது. எனக்கு வாய்த்தது மடவளை.

1977இல் ஆட்சி மாறியது. தொழில்முன்னிலைப் பாடம் போனது, திறந்த பொருளாதாரம் வந்தது, அதோடு குப்பையும் வந்தது. முதலில் மரியாதையாகத்தான் வந்தது. சவூதி போய் வந்தவர்களின் காட்போட் பெட்டிகளை வீட்டு முன்னறையில் அடுக்கி வைத்தார்கள். ரேடியோவைப் பொதிந்து வந்த ரெஜிபோமைக்கூட வீச மனம் வராமல் அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். சிலி சிலி பேக் என்ற பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். பிறகு கழுவுவது நின்றது. காயப்போடுவது நின்றது. பஸார் கானில் பேக் அடைத்து, மழைக்குத் தண்ணீர் கடைக்குள் ஏறியது. 2017இல் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியை அரசாங்கம் தடைசெய்ய வேண்டிய அளவுக்கு நாங்கள் முன்னேறினோம்.

சாமான் இப்படிக் குவிந்து கிடக்கும் நாட்டில் மாணவர்கள் இன்று என்ன ஒட்டுகிறார்கள்? பள்ளிக்கூடங்களில் இப்போதும் 'கழிவுப் பொருள் ஆக்கம்' என்று செயற்றிட்டம் கொடுக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் தகவல் வரும், காலையில் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தகப்பன் ஒருவர் கடைக்கு ஓடி, தண்ணீர்ப் போத்தல் ஒரு கட்டு வாங்கிவந்து, தண்ணீர் முழுவதையும் மல்லிகைச் செடிக்கு ஊற்றி, 'கழிவு' தயாரித்ததைக் கண்ணால் பார்த்தேன். புத்தகக் கடையில் ஐஸ்கிறீம் குச்சி பக்கட்டாக விற்கிறது, ஐஸ்கிறீமை ஒருநாளும் கண்டிராத குச்சிகள், ஏழு நிறத்தில். வேலையைச் செய்வது தாயும் தகப்பனும். பிள்ளை நித்திரை. மறுநாள் யாருடைய உம்மா கெட்டிக்காரி என்பதற்குப் புள்ளி போடுகிறார்கள்.

என் பேத்தி கொழும்பில் சித்திரக் கலை படிக்கிறாள். அவர்களுக்குப் பெயரே வேறு: கலப்பு ஊடகம். ஒட்டுவதற்கு முன்னால் கருத்துரை எழுத வேண்டும், அது ஒட்டுவதைவிடக் கஷ்டம் என்கிறாள். எல் அனட்சூயி பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் படிப்பித்தவர். மதுப் போத்தல் மூடிகளைத் தட்டி, செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவு திரைகள் செய்கிறார். 2015இல் வெனிஸில் வாழ்நாள் சாதனைக்குத் தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். "நீங்களும் மூடி சேத்தீங்களா அப்பா?" என்றாள். மடவளையில் மதுப் போத்தல் மூடி சேர்த்தால் தங்கச் சிங்கத்துக்கு முன்னால் வேறு சில வந்து சேர்ந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது நெக்டோ மூடி, அதுவும் பெருநாளைக்கு.

சந்திரகுப்த தேநுவர பற்றியும் அவள்தான் சொன்னாள். காவலரணுக்குக் காவலரண் தார்ப் பீப்பாய் அடுக்கியிருந்த யுத்த காலத்தில், அதே பீப்பாயை உருமறைப்பு நிறம் பூசி 1997இல் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தவர். அந்தப் பீப்பாய்களுக்கு நடுவே அடையாள அட்டையை நீட்டி நின்ற எனக்கு அது கலை என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பிய பிறகு, இவ்வளவு காலம் இலவசமாகப் பார்த்ததற்கு மகிழ்ந்தேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது ஒரு கண்ணாடித்தாள் பக்கட்டைக் காட்டினாள். பழங்காலத் துண்டுத் தாள்கள்: மஞ்சளேறிய கடிதம், முத்திரை, ஐரோப்பிய டிராம் டிக்கட். எல்லாம் போன வருடம் சீனாவில் அச்சடித்தது. பழுப்பையும் அச்சடித்திருந்தார்கள். டிக்கட் தேடி ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். "இங்க பஸ்ஸில டிக்கட் எங்க அப்பா தாராங்க?" என்றாள். உண்மைதான். தனியார் பஸ்ஸில் கொண்டக்டர் கையசைப்பதோடு சரி. மெஷின் டிக்கட் கிடைத்தாலும் அது சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் எழுத்தே மறைந்துபோகும். என்னிடம் 1975ஆம் ஆண்டின் இ.போ.ச. டிக்கட் ஒன்று புத்தகத்துக்குள் இருந்தது, கட்டணம் இன்னும் வாசிக்கலாம். எடுத்துக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்து, "இதிட பழுப்பு நெசம் மாதிரியே ஈக்கி" என்றாள்.

லாச்சியைத் துழாவியவள் கையில் ஒரு பூட்டு அகப்பட்டது. பாதி உருகி, சாவித்துவாரம் மூடிப்போனது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் சுற்றுவட்டாரத்திலும் கலவரத்தில் கடைகளும் வீடுகளும் எரிந்த கிழமை, சினேகிதர் ஒருவரின் கடைச் சாம்பலிலிருந்து எடுத்தது. அவர் வேண்டாம் என்று கொடுத்தார், நான் வீச முடியாமல் வாங்கி வைத்தேன். அந்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் பொறுக்குவதற்குச் சாமான் நிறைய இருந்தது. கலை பேசும் யாரும் பொறுக்க வராததில் எனக்கு வருத்தம் இல்லை. பேத்தி கேட்டாள். "வேணாம் மகள், அது ஒட்டுற சாமான் இல்ல" என்றேன். ஏன் என்று கருத்துரை எழுதச் சொன்னால் எனக்கு எழுதத் தெரியாது. அவள் வற்புறுத்தவில்லை.

2022இல் கொஞ்சக் காலம் பழைய நாள் திரும்பி வந்தது. டொலர் இல்லை, கடதாசி இல்லை. மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தாளில்லாமல் ஒத்திப்போட்டார்கள். பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. போத்தல் பேப்பர்க்காரர் தராசை ஒரு தங்க யாவாரியின் கவனத்தோடு பிடித்தார். என் மனைவி சிலி சிலி பேக்கைக் கழுவி மறுபடி கொடியில் போட்டாள். இனி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குப்பையின் அருமை தெரியும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் ஐஸ்கிறீம் குச்சிப் பக்கட் கடைக்குத் திரும்பிவிட்டது, விலை மட்டும் கூடியிருந்தது.

அந்த விடுமுறைக்குப் பேத்தி வந்ததன் உண்மையான காரணம் கடைசி நாள்தான் தெரிந்தது. அவளுடைய ஆண்டிறுதி வேலைக்கு என் பலகை வேண்டுமாம்; அதைப் பக்கத்தில் வைத்துத் தன்னுடையதை வைக்க வேண்டுமாம்.

பலகை இல்லை. கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் மரவள்ளிப் பசையைத் தேடி எறும்பும் கரப்பானும் வந்தன. வாப்பா கராம்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்தார். சிகரட் முகப்புகளை நான் சுடுதண்ணீர் காட்டிப் பிரித்தெடுத்து, இழந்த மரியாதையில் கொஞ்சத்தை மீட்டேன். மினுங்குத்தாள் குவிமாடம் ஒரு கல்யாண வீட்டுச் சோடனைக்குப் போனது. சாதிக்காய்க் கோது அடுப்புக்கு. மிஞ்சிய பலகையை உம்மா கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்தார். உக்ரேனின் வயல் உள்பக்கம், கோழிகள் பார்க்க. கொஞ்ச வருடத்தில் அதுவும் உக்கியது.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கண்கள் மின்னின. 1953இல் ராஷன்பர்க் என்ற அமெரிக்கர், டி கூனிங்கிடம் ஒரு சித்திரத்தை வாங்கி, அதை முழுக்க அழித்துவிட்டு, அழித்த தாளையே சட்டம் போட்டு வைத்தாராம். "அவர் ஒரு ஆள் அழிச்சார் அப்பா. உங்கட படத்த ஒரு குடும்பமே சேந்து அழிச்சீக்கி!"

கொழும்பில் அவள் வைத்தது ஒரு வெற்றுச் சுவரும் ஒரு சீட்டும். 'பஸார். தேயிலைப் பெட்டிப் பலகை, சோவியத் சஞ்சிகை, சாதிக்காய், கராம்பு, மரவள்ளி. பின்னர் கோழிக்கூட்டுக் கதவு. தற்போது இல்லை.' நல்ல புள்ளி கிடைத்ததாம். என்ன ஒட்டினாய் என்று கேட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை என்றாள். அப்படியானால் பசைக்கு என்று என்னிடம் வாங்கிய காசு எங்கே என்று என் மனைவி ஃபோனைப் பிடுங்கிக் கேட்டாள். லைன் கட்டாகிவிட்டது.